மியோங்நியாங்: திரையில் நடந்த போரும் நாட்குறிப்பில் நடந்த போரும்

2014 ஜூலை 30 அன்று தென் கொரியாவில் வெளியான ‘மியோங்நியாங்’ படத்துக்கு அந்நாட்டில் மட்டும் சுமார் ஒரு கோடியே 76 லட்சம் டிக்கெட்டுகள் விற்றன. நாட்டின் மக்கள்தொகையே அப்போது ஐந்து கோடி அளவில்தான் இருந்தது. இயக்கியவர் கிம் ஹான்-மின். கடற்படைத் தளபதி யி சுன்-சின்னாக நடித்தவர் சோய் மின்-சிக். 128 நிமிடப் படத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஒரே நாளில் நடந்த ஒரே கடற்போருக்குப் போகிறது. அந்த நாள் 1597 அக்டோபர் 26.

கொரியப் பார்வையாளருக்கு இந்தக் கதை பள்ளிப் பாடம். யார் யாரைத் தோற்கடித்தார், ஏன் 12 கப்பல்கள், ஏன் எல்லாரும் தளபதியைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள் என்பதையெல்லாம் படம் விளக்குவதில்லை. நமக்கு அந்தப் பின்னணி தேவை. அது தெரிந்த பிறகுதான் படம் எதை வரலாற்றிலிருந்து எடுத்தது, எதை இடம் மாற்றி வைத்தது என்பது பிடிபடும். படத்தில் பயம் உண்மையாக வந்திருக்கிறது. சண்டைதான் நடந்த கப்பலிலிருந்து வேறு கப்பலுக்குப் போய்விட்டது.

பன்னிரண்டு கப்பல்கள் எப்படி மிஞ்சின

ஜப்பானை ஒருங்கிணைத்த டொயோடோமி ஹிதேயோஷி 1592-இல், அன்று கொரியாவை ஆண்ட ஜோசன் அரசின்மீது படையெடுத்தார். இலக்கு சீனத்தின் மிங் பேரரசு. கொரியா அதற்கான வழி. தரைப்படை சில வாரங்களில் தலைநகரைப் பிடித்தது. கடலில் மட்டும் அது நடக்கவில்லை. அந்த ஆண்டு ஹான்சான் தீவுக்கருகே வாகிஸாகா யசுஹாருவின் 73 கப்பல்களில் 59-ஐ யி சுன்-சின் அழித்தார் அல்லது கைப்பற்றினார். ‘மியோங்நியாங்’ படத்தில் கசப்போடு ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கும் ஜப்பானியத் தளபதி அந்த வாகிஸாகாதான்.

நடுவில் சில ஆண்டுகள் பேச்சுவார்த்தையில் போயின. 1597-இல் இரண்டாவது படையெடுப்பு. அதற்குச் சற்று முன்பு, ஜப்பானியத் தளபதி கட்டோ கியோமாசா எந்த வழியாகக் கடல் கடக்கப் போகிறார் என்று ஜப்பானியத் தரப்பிலிருந்தே ஒரு தகவல் ஜோசன் அரசவைக்கு வந்தது. கொண்டுவந்தவன் இன்னொரு ஜப்பானியத் தளபதியான கோனிஷி யுகினாகாவின் ஆள். போய் மறித்து அடி என்று அரசர் சோன்ஜோ ஆணையிட்டார். இது பொறியாக இருக்கலாம் என்று யி சுன்-சின் தயங்கினார். ஆணையை மீறியவர் என்று அவரைக் கைது செய்து சித்திரவதை செய்தார்கள். பிறகு பதவி ஏதுமில்லாத சாதாரண வீரனாகப் பணியாற்றும்படி விடுவித்தார்கள். மகனைப் பார்க்கக் கப்பலில் கிளம்பி வந்த தாய் வழியிலேயே இறந்துபோனார். படத்தின் தொடக்கத்தில் அந்த மனிதரின் உடலிலும் முகத்திலும் தெரியும் தளர்ச்சிக்குக் காரணம் இதெல்லாம்.

அவருக்குப் பதிலாக வந்த வோன் க்யுன் மொத்தக் கடற்படையையும் கூட்டிக்கொண்டு போய் சில்ச்சோல்லியாங்கில் ஒரே இரவில் இழந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட போர்க்கப்பல்கள் போயின. போர் முற்றும் முன்பே தன் அணியோடு விலகிப்போன பே சோல் என்ற அதிகாரியிடம் 12 கப்பல்கள் மிஞ்சின. சோன்ஜோ யி சுன்-சின்னை அவசரமாக மறுபடி தளபதியாக்கினார். ஆனால், இவ்வளவு சிறிய கடற்படையால் பயனில்லை, கலைத்துவிட்டுத் தரைப்படையோடு சேர்ந்துகொள்ளலாம் என்பதும் அரசவையின் எண்ணம். அதற்கு அவர் எழுதிய பதிலில்தான் “அடியேனிடம் இன்னும் பன்னிரண்டு கப்பல்கள் இருக்கின்றன” என்ற, கொரியாவில் குழந்தைகளும் சொல்லும் அந்த வரி வருகிறது. பிறகு இன்னொரு கப்பல் சேர்ந்தது. போரில் இறங்கியவை 13.

எதிரில் எத்தனை? போர் நாளைப் பற்றி யி சுன்-சின் தன் நாட்குறிப்பில் இரண்டு முறை எழுதியிருக்கிறார். 1597-இன் சில மாதங்களுக்கு ஒன்றின்மேல் ஒன்றாக இரு பிரதிகள் கிடைத்துள்ளன. 130-ஐ ஒட்டிய எண்தான் அவர் கையால் எழுதியது. 300-ஐத் தாண்டும் எண்கள் பிற்காலக் குறிப்புகளில் வருகின்றன. படம் 330-ஐ எடுத்துக்கொண்டது. இரண்டையும் முரண்படாமல் புரிந்துகொள்ள வழி உண்டு: ஜலசந்திக்கு வெளியே பெரிய கப்பல்களோடு காத்திருந்த மொத்தக் கடற்படை வேறு, உள்ளே நுழைந்து சண்டையிட்டவை வேறு. 13-க்கு 133 என்பதே ஒன்றுக்குப் பத்து. அதைப் பெருக்க வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

நீர், மரம், பீரங்கி

போர் நடந்த உல்டொல்மொக் ஜலசந்தி (மியோங்நியாங் என்பதும் இதன் பெயரே) தென்மேற்குக் கொரியாவில் ஹேனாம் நிலப்பரப்புக்கும் ஜின்டோ தீவுக்கும் நடுவே இருக்கிறது. மிகக் குறுகிய இடத்தில் அகலம் 300 மீட்டருக்கும் குறைவு. ஓதம் ஏறும்போது நீர் தென்கிழக்கிலிருந்து வடமேற்காகப் பாயும்; வற்றும்போது திரும்பி ஓடும். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை திசை மாறும். உச்ச வேகம் 10 கடல் மைல் வேகத்துக்கு (knot) மேல், அதாவது மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். துடுப்புப் போட்டு அதை எதிர்த்துப் போக எந்தக் கப்பலாலும் முடியாது. 2009-இல் இங்கே ஒரு மெகாவாட் ஓத மின்நிலையத்தைச் சோதனையாக நிறுவியதே இந்த வேகத்தை நம்பித்தான்.

தேதியும் முக்கியம். சந்திர நாட்காட்டியில் அது ஒன்பதாம் மாதம் 16-ஆம் நாள். பௌர்ணமியை ஒட்டிய நாள் என்பதால் ஓதம் மிக வலுவாக இருக்கும்.

யி சுன்-சின் சில வாரங்களாக முகாமிட்டிருந்த பியோக்பாஜின், ஜலசந்தியின் தென்கிழக்கு வாயில் பக்கம். போருக்கு முதல் நாள் அங்கிருந்து கிளம்பி, ஜலசந்தியைக் கடந்து, வடமேற்குப் பக்கமுள்ள உசுயோங் தளத்துக்கு மாறினார். சிறிய படை வைத்துக்கொண்டு ஜலசந்தியை முதுகுப் பக்கம் வைத்துப் போரிட முடியாது என்று அன்றைய குறிப்பிலேயே காரணம் எழுதியிருக்கிறார். முன்பக்கம் திறந்த நீர், பின்பக்கம் குறுகல், எதிரியோடு சேர்ந்து ஓதமும் தள்ளும் என்றால் 13 கப்பல்களும் சிதறிப்போகும். மாறி நின்றபோது குறுகல் எதிரியின் சிக்கலாயிற்று. நூற்றுக்கணக்கான கப்பல்கள் சில வரிசைகளாகத்தான் வெளிவர முடியும். முன்னே வந்தவை நிற்க நினைத்தாலும் நீரும் பின்னால் வரும் கப்பல்களும் தள்ளிக்கொண்டே இருக்கும். சண்டை நடந்தது மிகக் குறுகிய இடத்திலேயா, அதைத் தாண்டி உசுயோங்குக்கு முன்னுள்ள சற்றே அகன்ற நீரிலா என்பது இன்றும் ஆய்வாளர்களிடையே விவாதம். உச்ச வேக நீரில் ஒரு கப்பலை மணிக்கணக்கில் ஓரிடத்தில் நிறுத்தி வைப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்தால் இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது.

இந்த நீரில் என்ன வகைக் கப்பல் என்பது அடுத்த கேள்வி. ஜோசனின் போர்க்கப்பல் பானொக்சன். அடிப்பகுதி தட்டை. கனமான பைன் பலகைகள், மர ஆணிகள். மர ஆணி நீரில் ஊறிப் பருத்து இறுகும். இரும்பு ஆணி துருப்பிடித்துத் துளையைத் தளர்த்தும். இரண்டு தளங்கள்: கீழே துடுப்பு வலிப்பவர்கள், மேலே பீரங்கிக்காரரும் வில்லாளிகளும். ஒரு கப்பலில் 150 பேர் அளவில் இருப்பார்கள். தட்டையான அடி வேகம் தராது. ஆனால் நின்ற இடத்திலேயே திரும்ப விடும். ஒரு பக்கப் பீரங்கிகள் சுட்டு முடித்ததும் கப்பலைத் திருப்பி மறுபக்கத்தால் சுடலாம். அதற்குள் முதல் பக்கத்தில் மருந்து கிட்டித்துவிடலாம்.

ஜப்பானியர் உள்ளே அனுப்பியவை பெரும்பாலும் செகிபுனே என்ற நடுத்தரக் கப்பல்கள். பெரிய அடகெபுனே வகை அந்தக் குறுகலில் எளிதில் வர முடியாது. செகிபுனேயின் அடி கூர்மை. ஓட்டம் வேகம், திருப்பம் மெதுவு. பலகைகள் மெல்லியவை, இரும்பு ஆணியால் இணைத்தவை. கனப் பீரங்கியை ஏற்றிச் சுட்டால் அதிர்ச்சி தாங்காது. அவர்களின் முறையும் வேறு: நெருங்கி வந்து துப்பாக்கியால் தளத்தைத் துடைத்துவிட்டு, கொக்கி போட்டு இழுத்து, வாளோடு ஏறுவது. அக்காலத் துப்பாக்கி குறி பார்த்துச் சுட 50 மீட்டர் அளவில்தான் நம்பகமானது. எனவே ஜோசன் தரப்புக்கு எல்லாமே தூரத்தைக் காப்பதில் இருந்தது. ஆள் பலத்தில் குறைந்தவன் கைகலப்புக்கு இடம் கொடுத்தால் கதை முடிந்தது.

தூரத்தைக் காத்தவை நான்கு அளவிலான வெண்கலப் பீரங்கிகள். பெரியதிலிருந்து சிறியதாகச் சோன்ஜா, ஜிஜா, ஹியோன்ஜா, ஹ்வாங்ஜா என்று பெயர். நிரப்பும் முறையை வரிசையாகச் சொன்னால் அதன் பலமும் பலவீனமும் தெரியும். பின்பக்கத் துளையில் திரி செருகுவார்கள். வாய் வழியாக வெடிமருந்து. அதன்மேல் ஓர் உருளை மரக்கட்டையை அடித்து இறுக்குவார்கள். வாயு பக்கவாட்டில் கசியாமல் முழு அழுத்தமும் முன்னே போக இதுதான் அடைப்பு. கட்டை தளர்ந்திருந்தால் தூரம் பாதியாகும். அதற்கு முன்னே இரும்பு முனையும் இரும்புச் சிறகும் வைத்த பெரிய மர அம்பு. மிகப் பெரிய பீரங்கிக்கு அதன் எடை சுமார் 30 கிலோ. அம்புக்குப் பதில் சின்னக் குண்டுகளை நூற்றுக்கணக்கில் கொட்டினால் மரக்கட்டை வேண்டாம், மண்ணை இறுக்கி அடைப்பார்கள். தூரத்துக் கப்பலின் உடலைப் பிளக்க அம்பு. அருகே வந்த கப்பலில் கூடி நிற்கும் ஆட்களை வீழ்த்தச் சின்னக் குண்டு. கடற்போர்ப் படங்களில் வழக்கமாகக் காட்டுவதுபோல் குண்டு பட்ட இடமெல்லாம் தீப்பிழம்பு எழுந்திருக்காது. இவை பெரும்பாலும் வெடிக்காத திண்மப் பொருள்கள். மரம் உடைந்து, நீர் புகுந்து, கப்பல் சாய்வதுதான் நடந்தது.

நிரப்ப நேரம் பிடிக்கும் என்பதே பலவீனம். அந்த இடைவெளியை வில்லாளிகள் நிரப்பினார்கள். நான்கு பக்கமும் சூழ்ந்தால் அதுவும் போதாது.

எந்தக் கப்பலில் கைகலப்பு நடந்தது

படத்தில் தளபதியின் கப்பல் தனியாக நிற்கிறது. ஜப்பானியர் அதில் ஏறுகிறார்கள். வாளும் ஈட்டியும் இரத்தமுமாக நீண்ட கைகலப்பு. பிறகு கப்பல் சுழலில் மாட்டுகிறது. கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மக்கள் சிறு படகுகளில் வந்து கொக்கி போட்டு இழுத்து மீட்கிறார்கள். கடைசியில் ஜோசன் கப்பல்கள் எதிரிகளை நேருக்கு நேர் மோதி நொறுக்குகின்றன.

நாட்குறிப்பில் தளபதியின் கப்பல் தனியாக நின்றது மட்டும் அப்படியே இருக்கிறது. காலையில் கண்காணிப்பாளர் செய்தி கொண்டுவந்ததும் கப்பல்களை வெளியே கொண்டுவந்தார். எதிரி எண்ணிக்கையைப் பார்த்த மற்ற தளபதிகள் தப்பும் வழியைத் தேடத் தொடங்கினார்கள். கிம் ஓக்-சு என்ற உயர் அதிகாரியின் கப்பல் கண்ணுக்கெட்டும் தூரத்தின் ஓரத்துக்கே போய்விட்டது. யி சுன்-சின் மட்டும் முன்னேறிப் பீரங்கிகளைச் சுட்டார். எதிரிகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். தன் ஆட்களின் முகம் வெளிறியதை அவரே எழுதியிருக்கிறார்.

அதன் பிறகு வரும் சில வரிகள்தான் அந்த நாளின் உயிர் என்று நினைக்கிறேன். பின்வாங்கிய தளபதி கிம் உங்-ஹாமின் தலையை வெட்டி மற்றவர்களுக்குக் காட்டலாமா என்று யோசிக்கிறார். ஆனால் அதற்காகத் தன் கப்பலைத் திருப்பினால், தளபதியே பின்வாங்குகிறார் என்று மற்ற கப்பல்கள் இன்னும் தூரம் போகும். எதிரி மேலே பாய்வான். திரும்பவும் முடியாது, இருக்கவும் முடியாது. கொம்பு ஊதி, அழைப்புக் கொடியை ஏற்றுகிறார். முதலில் வந்தது கோஜே பகுதி அதிகாரி ஆன் வியின் கப்பல். “ஆன் வி, ராணுவச் சட்டத்தால் சாக வேண்டுமா? ஓடிப்போனால் எங்கே போய் வாழ்வாய்?” என்று கப்பல் ஓரத்தில் நின்று கத்துகிறார். அடுத்து வந்த கிம் உங்-ஹாமிடம், உன் குற்றத்துக்கு இப்போதே தலையை எடுக்கலாம், நிலைமை அவசரமாக இருப்பதால் முதலில் போய்ச் சண்டையிடு என்கிறார்.

கைகலப்பு நடந்தது ஆன் வியின் கப்பலில். எதிரித் தலைவனின் கப்பலும் இன்னும் இரண்டும் அதில் எறும்பு மொய்ப்பதுபோல் ஒட்டிக்கொண்டன. ஆன் வியின் ஆட்கள் தடியாலும் நீண்ட ஈட்டியாலும், கப்பலில் வைத்திருந்த கடற்கரைக் கூழாங்கற்களாலும் அடித்துக் களைத்துப்போனார்கள். அப்போது யி சுன்-சின் தன் கப்பலைத் திருப்பி அந்த மூன்றின்மீதும் சுட்டார். தளபதியின் கப்பலில் இறந்தவர்கள் இருவர், காயமடைந்தவர்கள் மூவர். ஐவருமே துப்பாக்கிக் குண்டு பட்டவர்கள். வாள் வெட்டு ஒன்றுகூட இல்லை. அந்தத் தளத்தில் எதிரி ஏறவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

இயக்குநர் ஏன் மாற்றினார் என்பது புரிகிறது. கதாநாயகன் ஒரு கப்பலில், கைகலப்பு இன்னொரு கப்பலில் என்றால் படம் இரண்டாகப் பிளக்கும். ஆனால் இழப்பும் உண்டு. பயந்து பின்னால் நின்ற ஆன் வி, திட்டு வாங்கி, வந்து, எல்லாரையும்விடக் கொடிய சண்டையை ஏற்றான் என்பது உண்மையில் நடந்த மனமாற்றம். பயத்தைத் துணிவாக மாற்றுவது எப்படி என்று படம் முழுக்கத் தளபதி கேட்டுக்கொண்டே இருக்கிறார். பதில் ஆன் வியின் கப்பலில் இருந்தது.

நீரில் மிதந்த உடல்களில், சிவப்புப் பட்டுடை அணிந்த ஒன்றை யி சுன்-சின்னின் கப்பலில் இருந்த, ஜப்பானியரிடமிருந்து கட்சி மாறிய ஜுன்சா என்பவர் அடையாளம் காட்டினார். கொக்கியால் தூக்கி, வெட்டி, தலையை எதிரிக்குத் தெரியும்படி வைத்தார்கள். அது ஜப்பானியத் தளபதி குருஷிமா மிச்சிஃபுசா என்பது பரவலான கருத்து. வேகமான நீரோட்டத்துக்குப் பெயர்போன ஜப்பானின் குருஷிமா ஜலசந்திப் பகுதியின் கடற்கொள்ளைக் குடும்பத்தில் வந்தவர் அவர். முன்னணியில் அவரை நிறுத்தியதற்கு அதைவிடப் பொருத்தமான காரணம் தேட வேண்டியதில்லை. பிற்பகலை ஒட்டி நீரும் திரும்பியபோது, முன்வரிசை பின்னோக்கித் தள்ளப்பட்டு வரும் கப்பல்களோடு மோதியது. 31 கப்பல்கள் உடைந்தன என்று குறிப்பு. ஜப்பானியத் தளபதி டோடோ டகடோரா கையில் காயப்பட்டதை ஜப்பானியப் பதிவும் சொல்கிறது.

ஜலசந்தியின் குறுக்கே இரும்புச் சங்கிலி கட்டிக் கப்பல்களைக் கவிழ்த்ததாக ஒரு பழங்கதை உண்டு. நாட்குறிப்பில் அதன் சுவடே இல்லை. ஆமை ஓடுபோல் மேற்கூரை மூடிய, யி சுன்-சின்னின் புகழ்பெற்ற ஆமைக் கப்பலும் இந்தப் போரில் இல்லை. படத்தில் பே சோல் ஆமைக் கப்பலுக்குத் தீ வைத்து, தளபதியைக் கொல்லச் சதி செய்து, தப்பும்போது அம்பு பட்டுச் சாகிறார். உண்மையில் போருக்குச் சுமார் இரு வாரம் முன்பு ஓடிப்போனவர் அவர். 1599-இல் பிடிபட்டு மரண தண்டனை பெற்றார். தீயும் சதியும் கற்பனை. அவருடைய வம்சத்தார் 2014-இல் படக்குழுமீது காவல் துறையில் புகார் கொடுத்தார்கள். ஓடிப்போனவரைத் துரோகியாக்கியது தேவையற்றது என்றே எனக்கும் தோன்றுகிறது. அந்த 12 கப்பல்கள் மிஞ்சியதே அவர் விலகிப்போனதால்தான்.

அந்த ஆண்டில் ஏன் அப்படிப் பார்த்தார்கள்

படம் வெளியாவதற்கு மூன்றரை மாதம் முன்பு, 2014 ஏப்ரல் 16 அன்று, செவோல் பயணக் கப்பல் ஜின்டோவுக்கு அப்பால் கவிழ்ந்தது. 304 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பள்ளி மாணவர்கள். பயணிகளை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டுக் கப்பல் தலைவர் முதலில் வெளியேறியவர்களில் ஒருவரானார். போர் நடந்த ஜலசந்தியும் அதே ஜின்டோவை ஒட்டியது. படம் அதற்கு முன்பே எடுத்து முடிக்கப்பட்டது. ஆனால் பார்வையாளர்கள் அந்தக் கடலை மறந்துவிட்டுத் திரையரங்குக்குள் போக முடியாது. கடைசிவரை கப்பலை விட்டு நகராத ஒரு தலைவரை அவர்கள் பார்த்தார்கள். மக்கள் கொக்கி போட்டுத் தளபதியின் கப்பலை இழுக்கும் காட்சி வரலாற்றில் இல்லை. அந்தக் கோடையில் அது எந்த இடத்தைத் தொட்டது என்பதை எண்ணிப் பார்த்தால் அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

வெற்றிக்குப் பிறகு

படம் நிறுத்தும் இடத்துக்குப் பிறகு நடந்தது பலருக்கு வியப்பளிக்கும். யி சுன்-சின் வென்ற ஜலசந்தியைப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. 13 கப்பல்களால் அது முடியாது. அன்றிரவே வடக்கே நகர்ந்து, சில நாட்களில் மேற்குக் கடலின் கோகுன்சான் தீவுகள்வரை போனார். அவர் விலகியதும் ஜப்பானியர் தென்மேற்குக் கரையோரங்களில் புகுந்து கொள்ளையடித்தார்கள். ஆசானில் இருந்த அவருடைய மூன்றாம் மகன் மியோன் ஜப்பானிய வீரர்களால் கொல்லப்பட்டார். அடுத்த மாதம் கடிதம் வந்த நாளில் அவர் எழுதிய பக்கம் நாட்குறிப்பிலேயே மிகவும் துயரமானது.

அப்படியானால் அந்த வெற்றி எதைச் சாதித்தது? தரையில் ஜப்பானியப் படை நாம்வோன், ஜோன்ஜு நகரங்களைப் பிடித்து வடக்கே ஏறி, ஜிக்சானில் மிங் படையால் நின்றிருந்தது. மேற்குக் கடல் வழியாக உணவும் ஆளும் போய்ச் சேர்ந்திருந்தால் அது மறுபடி நகர்ந்திருக்கலாம். அந்த வழி திறக்கவில்லை. குளிர்காலத்துக்குள் அவர்கள் தெற்குக் கரைக் கோட்டைகளுக்குத் திரும்பினார்கள். கடற்போர் ஒன்றே போரைத் திருப்பியது என்பது மிகை. ஜிக்சானும் அதில் பாதி.

யி சுன்-சின் மோக்போவுக்கு எதிரேயுள்ள கோஹாடோ தீவில் குளிர்காலத்தைக் கழித்தார். 1598 தொடக்கத்தில் கோகும்டோவுக்கு மாறினார். கப்பல் கட்ட அரசிடம் பணமில்லை. கடலில் போக வரும் அகதிப் படகுகளுக்கு அனுமதிச் சீட்டு வழங்கினார். சீட்டில்லாத படகை ஒற்றர் படகாகக் கருதுவோம் என்று அறிவித்தார். கட்டணம் தானியமாக: பெரிய கப்பலுக்கு 3 சோக் (கொரியத் தானிய அளவை), நடுத்தரத்துக்கு 2, சிறியதற்கு 1. பத்து நாளில் பத்தாயிரம் சோக்குக்கு மேல் சேர்ந்ததாக அன்றைய முதன்மை அமைச்சர் யு சோங்-ரியோங் எழுதிய போர் வரலாறு சொல்கிறது. பாதுகாப்புத் தேடி வந்த மக்கள் தானியமும் செம்பும் இரும்பும் கொடுத்தார்கள். பீரங்கி வார்த்தார்கள், மரம் வெட்டினார்கள், கப்பல் எழுந்தது. மிங் கடற்படை சென் லின் தலைமையில் வந்து சேர்ந்தபோது ஜோசன் கடற்படை மறுபடி ஒரு கடற்படையாக இருந்தது. 1598 டிசம்பர் 16 அன்று நோரியாங் கடற்போரில் யி சுன்-சின் குண்டு பட்டு இறந்தது அந்தக் கப்பல்களில் ஒன்றின் தளத்தில்.

கிம் ஹான்-மின் இதே தளபதியைப் பற்றி மேலும் இரு படங்கள் எடுத்தார். நடிகர் ஒவ்வொன்றிலும் வேறு. 2022-இல் ‘ஹான்சான்’, 2023 டிசம்பரில் ‘நோரியாங்’. சம்பவ வரிசையில் பார்க்க நினைப்பவர்கள் ‘ஹான்சான்’ (1592), ‘மியோங்நியாங்’ (1597), ‘நோரியாங்’ (1598) என்று போகலாம். தொழில்நுட்பமும் வரிசையில் மாறுகிறது: ‘மியோங்நியாங்’கில் முழு அளவுக் கப்பல்களைக் கட்டி நீரிலும் அசையும் மேடையிலும் எடுத்தார்கள், ‘ஹான்சான்’ கடற்போரைக் காங்னுங் நகரின் ஐஸ் ஸ்கேட்டிங் அரங்குக்குள் ஒரு சொட்டுக் கடல்நீர் இல்லாமல் எடுத்து, நீர் முழுவதையும் கணினியில் சேர்த்தார்கள். மூன்றாம் படத்தில் திரை நிறைய ஜோசன் கப்பல்கள் வரும்போது, 13 எப்படி அவ்வளவாயிற்று என்று படம் சொல்வதில்லை. அந்த அனுமதிச் சீட்டுகளில் தானியம் கொடுத்தவர்கள் கட்டியவை அவை.